தும்மிக் கெடுத்த க்வாபெனா

டெச்சிமான் ஊரில் தமாலே சாலை பிரியும் முக்கில் டயர் கடை வைத்திருக்கும் அம்போமா என் சித்தி. டயரை உள்ளங்கையால் ஓர் அறை அறைந்து, காதை வைத்துக் கேட்டு, "இவனுக்கு இடுப்புல வலி" என்பாள். பஞ்சர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். இல்லாவிட்டால் டயர் பொய் சொல்கிறது என்பாள். தெரியாது என்ற சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

எங்கள் கிராமத்தில் முதன்முதலில் பட்டம் வாங்கியவன் நான், வேதியியல். ஆனால் அந்தப் பட்டத்தை என்னைவிட அதிகம் பயன்படுத்தியவள் அவள்தான். பேரம் பேசுகிற டிரைவர்களிடம், "எங்க வீட்டுல கெமிஸ்ட்ரி படிச்ச புள்ளை இருக்கான், தெரியும்ல?" என்று அடித்துவிடுவாள். பழைய டயர் விலைக்கும் கெமிஸ்ட்ரிக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்டதில்லை. டிரைவர்கள் சற்றுப் பயந்தே காசை நீட்டுவார்கள்.

பக்கத்து பஸ் பேட்டையின் தொலைதூர பஸ்கள் மட்டும் அவளுக்குப் பிடிகொடுக்கவில்லை. அவையெல்லாம் குமாசி நகரத்தில் டயருக்கு நைட்ரஜன் அடைத்துக்கொண்டு, வால்வில் பச்சை மூடியோடு அவள் கடையைத் தாண்டிப் போகும். பேட்டைச் சங்கத் தலைவர் பாஃபோ ஒருநாள், "நீயும் அந்த நைட்ரஜன் மெஷினை வாங்கு. நான் வந்து பார்ப்பேன். நல்லா இருந்தா எல்லா பஸ்ஸும் உன்கிட்டதான். சரியில்லேன்னா மறுபடி என்கிட்ட பேச்சே எடுக்காதே" என்றார். வியாபாரியிடம் கெஞ்சி, பஸ்கள் வராவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்ற பேச்சில் சித்தி மெஷினை இறக்கிவிட்டாள். இறக்குவதற்கு முன்பே சந்தை முழுக்கச் சொல்லியும் விட்டாள்.

பீரோ உயரத்துக்கு ஒரு பெட்டி. சாதாரணக் காற்றை இழுத்து, அதிலிருக்கும் ஆக்சிஜனைக் குழாய் வழியாக வெளியே தள்ளிவிட்டு, நைட்ரஜனை டயருக்குக் கொடுக்கும். தள்ளும்போதெல்லாம் 'ப்புஸ்' என்று தும்மும். அக்ராவிலிருந்து வந்த மெக்கானிக் அந்தக் கழிவுக் குழாயை எங்கே விடுவது என்று கேட்டான்.

"கூரைக்கு மேல விடலாம் சித்தி" என்றேன்.

"எதுக்கு? அதோட கெட்ட மூச்சு என் கடைக்குள்ள வராம இருந்தா போதும். பின்சுவத்துல ஓட்டை போடு. அங்க ஆடுகூடப் போகாது."

மெஷின் வந்தது செவ்வாய்க்கிழமை. எங்களில் பிறந்த கிழமைதான் பெயர்; செவ்வாய்க்கிழமை பிறந்த ஆண்பிள்ளைக்கு வேறென்ன பெயர்? க்வாபெனா. எட்டாம் நாள் வெளியே கொண்டுவந்து பெயர் வைக்கிற வரைக்கும் அதை வேலைக்கு விடமாட்டேன் என்றாள். "பேர் வைக்காத புள்ளையை எவளாவது கூலிக்கு அனுப்புவாளாடா?" பெயர் வைக்கும்போது பிள்ளையின் நாவில் தண்ணீரும் சாராயமும் சொட்டு வைக்கிற பெரியவராகத் தலைவர் பாஃபோவையே அழைத்தாள். அதுதான் அவள் சாமர்த்தியம். நாவில் சொட்டு வைத்தவர் பிறகு பிள்ளையைக் கைவிட முடியுமா?

எட்டாம் நாள் கடை வாசலில் பந்தல், நாற்காலிகள், காதைக் கிழிக்கிற பாட்டு. இறைச்சி சுட ஃபுசேனி அடுப்போடு வந்தான். எதிர்ச்சாரியில் கம்பியில் குத்திய மாட்டிறைச்சி சுட்டு விற்பவன். "புகை தலைவர் மேல படக்கூடாது, பின்னாடி போ" என்று சித்தி அவனை விரட்டினாள். அவனும் நிழல் தேடிப் போய், பின்சுவரை ஒட்டி, சரியாக அந்தக் குழாயின் வாய்க்கு நேராக அடுப்பை வைத்தான்.

தலைவர் வந்து உட்கார்ந்தார். சித்தி மெஷினைப் போட்டாள்.

ப்புஸ்.

சுவருக்குப் பின்னால் கரி வெள்ளையாகக் கனன்று, தீ ஆள் உயரத்துக்கு எழும்பி அடங்கியது. ஃபுசேனி, கொழுப்பு உருகி விழுந்திருக்கும் என்று நினைத்துத் தண்ணீர் தெளித்தான். ப்புஸ். மறுபடி எழும்பியது. மூன்றாம் தும்மலில் இறைச்சியெல்லாம் கரியாகிவிட்டது. ஃபுசேனி தொப்பியைக் கையில் பிடித்தபடி பந்தலுக்குள் ஓடிவந்தான்.

"வல்லாஹி! அக்கா, உன் மெஷினுக்குள்ள ஜின்னு இருக்கு! அது தும்முனா என் அடுப்பு எரியுது!"

எல்லோரும் பின்னால் போய்ப் பார்த்தார்கள். க்வாபெனா ஏமாற்றவில்லை, தும்மினான். தீ எழும்பியது. கூட்டம் ஒரே அடியாகப் பின்வாங்கியது.

தலைவர் முகம் இறுகிவிட்டது. "அம்போமா, இந்தக் காத்தையா எங்க டயர்ல அடைக்கப்போறே? பஸ்ஸு நிறைய ஜனம் போகுதும்மா."

"தலைவரே, இது டயருக்குப் போற காத்து இல்ல. இது ஆக்சிஜன், அது நைட்ரஜன்..." என்று ஆரம்பித்தேன்.

"ஒரே பெட்டியில இருந்து வருதா, இல்லையா?"

"வருது, ஆனா..."

"அவ்வளவுதான். மெஷினைத் திருப்பி அனுப்பச் சொல்லு." அவர் தொப்பியைத் தேடினார்.

சித்தி என்னைச் சுவரோரம் இழுத்தாள். அவள் குரலை அடக்கிப் பேசி அன்றுதான் கேட்டேன். "டேய் டிகிரி, டயருக்குப் போற காத்துல நெருப்பு எரியுமா?"

"அணைஞ்சிடும் சித்தி."

"நிச்சயமா?"

"என் பட்டத்து மேல சத்தியம்."

அடுத்த நொடி அவள் தொண்டை பழைய நிலைக்கு வந்துவிட்டது. "தலைவரே! உட்காருங்க! எல்லாம் தெரிஞ்சுதான் பண்ணேன். முதல்ல கெட்டதைக் காட்டினேன், இப்ப நல்லதைக் காட்டறேன்!"

கென்கே என்கிற சோள உருண்டை அவிக்கிற பெரிய அலுமினியப் பானையைக் கொண்டுவந்து, டயர் குழாயை உள்ளே விட்டு, தட்டால் மூடி, மெதுவாக நைட்ரஜனை நிரப்பினேன். பிறகு குழாயை உருவிவிட்டு, தட்டைக் கொஞ்சம் நகர்த்தினேன். ஃபுசேனி எரிகிற குச்சி ஒன்றைத் தூர நின்று நீட்டினான். பானைக்குள் போனதும் அணைந்தது.

"கை நடுங்குது அவனுக்கு, அதான் அணைஞ்சுது" என்றார் தலைவர். தன் சொந்த லைட்டரைப் பற்றவைத்து அவரே உள்ளே விட்டார். அணைந்தது. மறுபடி. அணைந்தது. லைட்டரைக் குலுக்கி, வெளியே பற்றவைத்துப் பார்த்து, திரும்ப விட்டார். அணைந்தது. கூட்டத்தில் ஒருவன், "தலைவரே, காஸ் தீர்ந்துடப்போகுது" என்றான்.

அவர் கொஞ்சநேரம் தாடையைத் தடவினார். "நெருப்பையே கொல்ற காத்து டயரைக் கொல்லாதா?"

"டயருக்கு ஏது உசுரு?" என்றாள் சித்தி, அதுவரை டயர்களின் இடுப்பு வலியைப் பற்றி ஊருக்கே சொல்லிவந்தவள்.

தலைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து போய், வழக்கப்படி விரலைத் தண்ணீரில் நனைத்து டயர் குழாயின் வாயில் ஒரு சொட்டு வைத்தார். "க்வாபெனா, தண்ணின்னா தண்ணின்னு சொல்லு." பிறகு சாராயத்தில் ஒரு சொட்டு. "சாராயம்னா சாராயம்னு சொல்லு. உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணு பேசாதே."

ப்புஸ் என்றான் க்வாபெனா. சுவருக்குப் பின்னால் ஃபுசேனி புதிதாக வைத்திருந்த தட்டு இறைச்சியும் கருகிப் போயிற்று.

அன்று மாலையே தலைவரின் பஸ் முதலில் வந்து நின்றது. பழைய காற்றை இறக்கவேண்டும் என்றதும் அவர், "அது நல்ல காத்தும்மா, குமாசியில போட்டது" என்று வருத்தப்பட்டார். மறுநாள் நான் கழிவுக் குழாயைக் கூரைக்கு மேலே ஏற்றினேன். அப்படித்தான் தொடக்கத்திலிருந்தே நினைத்திருந்ததாகச் சித்தி பஸ்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பின்சுவர் நிழலை விட மனமில்லாமல் அங்கேயே கடை போட்டுவிட்ட ஃபுசேனிக்கு மட்டும் என்மேல் கோபம். கரி முன்னைப்போல் சுறுசுறுப்பாக இல்லையாம்.