சாத்தையா அண்ணனின் உப்பில்லாக் கஞ்சி

அறந்தாங்கிக்கு இன்னும் சிறிது தூரம்தான் இருந்தது. எதிரே வந்த வண்டிக்காரர் மாட்டை நிறுத்தி, என் பக்கம் குனிந்து, "சாத்தையா போயிட்டாருப்பா. இனி மெதுவாவே போ" என்றார். என் வண்டிக்குள் சாத்தையா அண்ணனின் மனைவி உட்கார்ந்திருந்தார். "என்னவாம்?" என்று கேட்டார். "பாதை சரியில்லையாம் மதினி" என்றேன்.

அரிமளத்தில் அண்ணனோடு வண்டி ஓட்டிய எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். இந்த வயதில் எழுத்துப் படித்துச் சில மாதங்களே ஆகின்றன. ஒரு வரி முடிய வெகு நேரமாகிறது. முடிந்ததும் நானே வாசித்துப் பார்க்கிறேன். இந்தத் துக்கத்திலும் அது ஒரு சந்தோஷம்தான்.

அண்ணனுக்கு ஈரல் கெட்டு வயிறு வீங்கியது உங்களுக்குத் தெரியும். புதுக்கோட்டை டாக்டர் கள்ளையும் உப்பையும் விடச் சொன்னார். கள்ளை உடனே விட்டார். உப்புக்குத்தான் அழாத குறை. அவர் மட்டும் முகம் சுளித்துக் குடிப்பதைப் பார்க்க முடியாமல், வண்டி அவிழ்க்கும் இடத்தில் நானும் உப்பில்லாக் கஞ்சியே குடித்தேன். "ஒனக்கு என்னப்பா கேடு? ஒன் ஈரலைப் பூட்டுனா அதுவே வண்டி இழுக்குமே" என்பார். அவர் வயிற்று வீக்கமும் வற்றி வந்தது.

ஆடி அமாவாசைக்கு அவர் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க மீமிசல் கடலுக்குப் போனோம். தண்ணீருக்குள் கிளிஞ்சல் இருவர் காலையும் கீறியது.

"ஏறி வாங்கண்ணே."

"உப்புத்தண்ணி பட்டா புண்ணு ஆறிரும்பா." நாம் எல்லோரும் நம்புவதைத்தான் அவரும் நம்பினார். காலைக் கடலிலேயே வைத்துத் தேய்த்தார்.

"டாக்டர் உப்பே ஆகாதுன்னாருல்ல?"

"வாய்க்குத்தான் ஆகாதுன்னாரு. காலுக்குச் சொல்லலையே."

கூட நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் அறந்தாங்கி வருவதற்குள் அண்ணனுக்குக் குளிர்காய்ச்சல். கால் வீங்கி, கருப்புக் கொப்புளங்கள் தொடைவரை ஏறிவிட்டன. அங்கே இருந்த டாக்டர் பார்த்துவிட்டு, "இப்படி நான் பார்த்ததே இல்லை. கடல் தண்ணியில இருந்த ஏதோ கிருமி. நல்ல ஒடம்பு தாங்கிரும். ஈரல் கெட்ட ஒடம்பு எப்படித் தாங்கும்?" என்றார். மருந்து கேட்டேன். "இதுக்கு எங்கிட்ட மருந்து இல்லப்பா" என்று தலையைக் குனிந்துகொண்டார். என் காலில் இருந்த கீறல் அதற்குள் பொருக்குத் தட்டியிருந்தது.

"அவளை ஒரு தடவை பாத்துர்றேன். போய்க் கூட்டிட்டு வா" என்றார் அண்ணன். அதற்குத்தான் அரிமளம் போனேன்.

செய்தி கேட்ட பிறகும் நான் மெதுவாக ஓட்டவில்லை. மதினிக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று மாடுகளை முன்போலவே விரட்டினேன். "இன்னும் வேகமாப் போங்க தம்பி" என்றார். போனேன்.

அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கஞ்சிதான். இப்போதும் வண்டி அவிழ்த்ததும் கலயத்தைத் திறக்கிறேன். எனக்கு யாரும் உப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனாலும் உப்பை எடுக்கக் கை போவதில்லை.