லாச்சி வைத்த வீட்டுக்கு நிலம் பதித்தோம்

ஜூலை மாதத்துச் செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி இருபது நிமிடம். இரவு முழுவதும் பெய்த மழை விட்டிருந்தது, வானம் இன்னும் வெளிக்கவில்லை. வீடுகளுக்கு நிலம், அதாவது தரை, பதிக்கும் தொழிலில் இருப்பவர்களுக்கு இத்தகைய காலைகளில்தான் தொலைபேசி மணி அடிக்கும். மனிதர்கள் கூரையை அண்ணாந்து பார்ப்பதில்லை. காலுக்குக் கீழே ஏதோ மெத்தென்று அமிழ்ந்தால்தான் எங்களைத் தேடுவார்கள்.

முழங்காலில் நின்று உழைக்கும் தோழர்களே, உங்களுக்கும் இப்படி ஒரு வாரம் வாய்த்திருக்கும் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். நான் கணிதத்தில் பட்டம் பெற்றவள். தொண்ணூறுகளின் பிற்பகுதியில், ரொறொன்ரோவில், கணவரோடு சேர்ந்து கம்பளமும் வைனில் என்ற பிளாஸ்டிக் விரிப்பும் பதித்துக்கொண்டிருந்தேன். அளப்பதும் வெட்டுவதும் என் பொறுப்பு. தூக்குவதும் ஒட்டுவதும் இவருடைய பொறுப்பு. வாடிக்கையாளரோடு பேசுவது எவர் பொறுப்பு என்பதில் மட்டும் இன்றுவரை உடன்பாடு எட்டப்படவில்லை.

ஆளுக்கொரு அறை

அன்று அழைத்தவர் ஸ்ரௌவ்வில்லில் புது வீடு வாங்கியிருந்த சிவஞானம் அண்ணை. பழுதானது அந்த வீடன்று. அதன் வாசலில் நின்ற ட்ரெயிலர். வாகனத்தின் பின்னால் கொளுவி இழுத்துச் செல்லும் சக்கர வீடு அது. பொத்தானை அழுத்தினால் அதன் ஒரு பக்கச் சுவர், சோபாவையும் மேசையையும் சுமந்தபடி, வெளியே நீளும். மறுபடி அழுத்தினால் உள்ளே வரும். அண்ணை அதை 'லாச்சி' என்றார். மேசையின் இழுப்பறையைப் போலவே அது போய்வந்ததால் நாங்களும் அந்தப் பெயரையே ஏற்றுக்கொண்டோம். இப்போது லாச்சி வெளியே நீண்டபடி நின்றுவிட்டது. உள்ளே நிலம் உப்பி மேலெழுந்து அதன் வழியை மறித்துக்கொண்டிருந்தது. லாச்சி மூடாமல் ட்ரெயிலரைத் தெருவில் இறக்க முடியாது.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அண்ணையின் மனைவி ரஞ்சி அக்காவைப் பார்க்க, அவருடைய தமையன் ஒஸ்லோவிலிருந்தும் தங்கை வதனி பாரிசிலிருந்தும் வந்திருந்தார்கள். நாட்டைவிட்டுத் திசைக்கொருவராய்ப் போன பிறகு மூவரும் ஒன்றாக நிற்பது இதுவே முதல் தடவை. சனிக்கிழமை ட்ரெயிலரோடு வடக்கே ஒரு ஏரிக்கரைக்குப் போவதாக ஏற்பாடு. அடுத்த புதன்கிழமை தமையனுக்கு விமானம். நான் அந்த நான்கு அறை வீட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு, இத்தனை வசதி இருக்கும்போது ட்ரெயிலர் எதற்கு என்று பணிவாகக் கேட்டேன். அண்ணை குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"வந்து ஒரு கிழமையாச்சு, தங்கச்சி. எட்டு மணிக்குச் சாப்பிட்டிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போயினம். வீட்டில ஆளுக்கொரு அறை கிடக்கு, அதுதான் பிரச்சினை."

சப்பாத்து

புதன்கிழமை காலை பழைய வைனிலை உரித்தோம். உரித்த இடமெல்லாம் ஆணிகளும் கம்பி முளைகளும் மேல்நோக்கி நின்றன. அந்நேரம் பார்த்து ரஞ்சி அக்கா தேநீரோடு படியில் ஏறி வந்து, என் கணவருடைய கால்களைப் பார்த்துத் திகைத்துப்போனார். இரும்புமுனைச் சப்பாத்தோடு ஒருவர் தம் வீட்டுக்குள் நிற்பதை அவர் அதற்குமுன் கண்டதில்லை. வெளியே படியடியில் நான்கு சோடிச் செருப்புகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. எங்களுக்கென்று இடமும் விடப்பட்டிருந்தது.

ஆணி ஏறினால் வரும் விளைவுகளை நான் வரிசைப்படி எடுத்துச் சொன்னேன். அக்கா முழுவதையும் கேட்டார். பிறகு, மிகுந்த பெருந்தன்மையோடு ஒரு தீர்ப்பு வழங்கினார்:

"சரி, ஆணி பிடுங்கி முடியுமட்டும் சப்பாத்தோட நில்லுங்கோ. ஆனா அந்த மூலையில சாமிப்படம் கிடக்கு, அந்தப் பக்கத்து ஆணியை மட்டும் வெறுங்காலோட நிண்டு பிடுங்குங்கோ."

தண்ணீர் வந்த வழி

நிலம் பழுதான வீட்டில் எல்லோரும் துப்பறிவாளர்கள். கூரை ஒழுகுகிறது என்றார் சிவஞானம் அண்ணை. யன்னல் இடுக்கு என்றார் ஒஸ்லோத் தமையன். எல்லோரும் அவரைப் பெரியண்ணை என்றே அழைத்ததால் நாங்களும் அப்படியே அழைத்தோம். குழாய் வெடித்திருக்கும் என்றார் என் கணவர். நான் கூரையைத் தடவிப் பார்த்தேன், காய்ந்திருந்தது. யன்னலடியும் காய்ந்திருந்தது. குழாயில் கசிவே இல்லை. மரத்தூளை அழுத்திச் செய்த அந்தப் பலகை நடுவில் ஓரளவு நன்றாகவும், லாச்சியை நோக்கிப் போகப்போகப் பாண் துண்டைத் தேநீரில் தோய்த்தது போலவும் இருந்தது. தண்ணீர் மேலிருந்து சொட்டவில்லை. நிலத்தின் மேல் ஓடியிருக்கிறது. அதுவும் ஒரே திசையில், பல தடவை.

ஆண்கள் கூரையில் ஏறிய சமயம் பார்த்து, நிலத்தை எப்படித் துப்பரவு செய்வீர்கள் என்று ரஞ்சி அக்காவைக் கேட்டேன். வேறெப்படி, எங்கள் வீட்டுச் சீமெந்து நிலத்தைப் போலத்தான் என்றார். சனிக்கிழமை தோறும் இரண்டு வாளி தண்ணீர், சவர்க்காரத்தூள், தும்புத்தடி. கழுவிய தண்ணீரை லாச்சிப் பக்கமாகத் தள்ளிவிடுவாராம். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு விளங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணையிடம் சொல்லவேண்டாம், பகிடி பண்ணியே கொன்றுவிடுவார் என்றார். நான் சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்டேன். ஆனாலும் தம் பக்கத்து நியாயத்தை ஒருவருக்காவது சொல்லாமல் இருக்க அவரால் முடியவில்லை:

"லாச்சிக்குக் கீழ நீளத்துக்கு ஒரு வெளி கிடந்ததே, தண்ணி போகத்தான் பீலி வைச்சுச் செய்திருக்கிறாங்கள் எண்டு நினைச்சன். வெள்ளைக்காரன் எல்லாத்தையும் யோசிச்சுத்தான் செய்வான் எண்டு இவர்தானே சொல்லுறவர்!"

பெலமான பலகை

வியாழக்கிழமை நாங்கள் போய்ச் சேர்வதற்குள் சிவஞானம் அண்ணை தாமாகவே பலகை வாங்கிவைத்திருந்தார். ஒவ்வொன்றும் முக்கால் அங்குலத் தடிப்பு. இரண்டு பேர் சேர்ந்து தூக்கவேண்டிய பாரம். பெலமாகப் போட்டால்தான் நான்கு சந்ததிக்கு நிற்கும் என்பது அவருடைய கொள்கை. நான் அளவுகோலை எடுத்து விளக்கினேன். மூடும்போது லாச்சி உள்ளே வந்து, சிறு உருளைகளின்மேல், நிலத்துக்கு மேலாகத்தான் நகர்கிறது. பழைய பலகையின் தடிப்பு எதுவோ, புதியதும் அதுவே. கூடினால் லாச்சி இடித்து நிற்கும். குறைந்தால் உருளை ஆடும். அண்ணைக்கு என் கணக்கு விளங்கியது, ஆனால் மனம் ஆறவில்லை. கனடாவில் எதையும் மெல்லிசாகவே செய்கிறார்கள் என்று முறையிட்டார்.

படியில் இருந்து புதினத்தாள் பார்த்துக்கொண்டிருந்த பெரியண்ணை, தாளை இறக்காமலே சொன்னார்:

"மச்சான், உம்மட வயிறு இருக்கிற அளவுக்குத்தானே பெல்ட்டு வாங்கிறீர்? அந்தப் பிள்ளையை அளந்தபடி செய்ய விடும்."

வீடோ, வாகனமோ

அன்று பின்னேரம் சரியான தடிப்பில் புதுப் பலகை முழுவதும் இறங்கிவிட்டது. உப்பிய இடம் போனதால் லாச்சியின் வழியும் திறந்தது. நான் அரத்தாளால் தேய்த்து முடித்து, அடுத்த நாளைய திட்டத்தைச் சொன்னேன்: வெள்ளிக்கிழமை காலை வைனிலைப் பசை தடவி ஒட்டுவோம், ஒரு பகலும் ஓர் இரவும் யாரும் மிதிக்கக்கூடாது, சனிக்கிழமை மதியம் லாச்சியை மூடிக்கொண்டு புறப்படலாம். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அதன்பின் உண்மையான விவாதம் தொடங்கியது. புது நிலம் போட்டிருப்பதால் பால் காய்ச்சவேண்டும் என்றார் வதனி. பால் காய்ச்சுவது வீட்டுக்கு, இது சில்லுப் பூட்டிய சாமான், தேசிக்காயை, அந்த எலுமிச்சங்காயை, சில்லடியில் வைத்து ஏற்றினால் போதும் என்றார் சிவஞானம் அண்ணை. சில்லு இருந்தால் என்ன, அடுப்போடு குசினி இருக்கிறதே என்றார் ரஞ்சி அக்கா. இலக்கத்தகடு இருக்கிறதே என்றார் அண்ணை. இரு பக்க வாதங்களும் எனக்குச் சரியாகவே பட்டன. பெரியண்ணைதான் முடித்துவைத்தார்:

"இழுத்தா வாகனம், நிப்பாட்டினா வீடு. ரெண்டையும் செய்யுங்கோ. பிள்ளையார் வந்து இலக்கத்தகடு பாக்கமாட்டார்."

மஞ்சள் தண்ணீர்

வெள்ளிக்கிழமை காலை பசை வாளியோடு படியேறியவள் அங்கேயே நின்றேன். பலகையெங்கும் மஞ்சள் தண்ணீர். நடுவில் வாளி, வாளியருகே பாவாடையை ஏற்றிச் செருகியபடி, தும்புத்தடியோடு, முகமெல்லாம் சிரிப்பாக வதனி. விடியற்காலை எழுந்து, எவருக்கும் கரைச்சல் கொடுக்காமல், பால் காய்ச்சுவதற்கு முன்பாகப் புது நிலத்தைக் கழுவி வைத்திருந்தார். கழுவிய தண்ணீரை லாச்சிப் பக்கமாகத்தான் தள்ளியிருந்தார். அக்கா தங்கை இருவருக்கும் கை ஒரே திசையில் போகிறது.

ஈரமான பலகையில் பசை பிடிக்காது. மேற்பரப்பு காய்ந்தாலும் உள்ளீரம் பசையைத் தூக்கிவிடும். நான் இதைச் சொன்னேன். என் கணவர் துவாயை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். அண்ணை, கழுவக்கூடாதென்று ஒருவருக்கும் தெரியாதா என்று பொதுவாகக் கேட்டார். வதனியின் கண் கலங்கிவிட்டது. இத்தனை தூரம் வந்து பயணத்தைக் கெடுத்தது நான்தானே என்றார்.

ரஞ்சி அக்கா என்னைப் பார்த்தார். பிறகு தமையனுக்கு நேரே திரும்பி, பள்ளிக்கூடத்தில் எழும்பி நின்று பதில் சொல்வதைப் போலச் சொன்னார்:

"அவளை ஒண்டும் சொல்லாதேங்கோ. கூரையும் ஒழுகேல்லை, யன்னலும் ஒழுகேல்லை. முதல் நிலத்தையும் நான்தான் கழுவிக் கழுவிப் பழுதாக்கினனான். வெக்கத்தில ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சொல்லியிருந்தா இவள் கழுவியிருக்கமாட்டாள்."

பொத்தான்

பெரியண்ணை சிரித்த சிரிப்பில் ட்ரெயிலர் சில்லின்மேல் ஆடியது. சிரித்து முடித்ததும் அடுத்த ஆளாகத் துவாயை எடுத்தவரும் அவரே. துடைத்தோம், யன்னல்களைத் திறந்தோம், வீட்டிலிருந்த காற்றாடிகள் அனைத்தையும் வெளியே கொண்டுவந்தோம், வதனி தலைமயிர் உலர்த்தும் கருவியால் மூலைகளை ஊதினார். வெயிலும் எங்கள் பக்கம் இருந்தது. ஆயினும் பின்னேரம் நான் உள்ளங்கையை வைத்துப் பார்த்தபோது பலகை குளிர்ந்துதான் கிடந்தது. அன்று ஒட்டமுடியாது, ஒட்டாத வைனிலை விரித்துவிட்டால் லாச்சி அதைச் சுருட்டிக் கிழித்துவிடும்.

எனவே என் முடிவைச் சொன்னேன்: வெறும் பலகையோடு போங்கள், திரும்பி வந்த பின் பதித்துத் தருகிறோம். விருந்தாளிகளை வெறும் பலகையில் இருத்துவதா என்று ரஞ்சி அக்கா தயங்கினார். அதைவிடப் பெரிய தயக்கம் எனக்கிருந்தது. ஈரம் குடித்த பலகை மயிரிழை உப்பியிருந்தாலும் லாச்சி இடிக்கும், இடித்தால் ஏரிக்கரை இல்லை. அண்ணை பொத்தானில் விரலை வைத்துவிட்டு, அழுத்தாமல் என்னைப் பார்த்தார். நான் நிலத்தில் முகம் படும்படி குனிந்து, அழுத்துங்கள் என்றேன். லாச்சி முனகியது, அசைந்தது; உருளைகள் என் கண்ணெதிரே பலகைமேல் ஏற, லாச்சி எதிலும் இடிக்காமல், சோபாவையும் மேசையையும் சுமந்துகொண்டு உள்ளே வந்து பூட்டிக்கொண்டது. ஒருவரும் கைதட்டவில்லை. வதனி மட்டும் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அத்தான், இன்னொருக்கா அமத்தி வெளியில விடுங்கோ. நாளை வரைக்கும் என்னத்துக்குப் பாத்துக்கொண்டு இருக்கிறது? நாங்கள் மூண்டு பேரும் இண்டைக்கே இதுக்குள்ள படுக்கப்போறம்."

மறுநாள் காலை

சனிக்கிழமை எட்டு மணிக்கு, லாச்சியை மூடுமுன் உருளைகளில் துணி சிக்கியிருக்கிறதா பார்க்கச் சொல்வதற்காகத் தொலைபேசியில் அழைத்தேன். சிவஞானம் அண்ணைதான் எடுத்தார். நான்கு அறை வீட்டில் தன்னந்தனியாகப் படுத்து ஒரு கண் நித்திரை இல்லையாம். விடிந்ததும் போய் யன்னலால் எட்டிப் பார்த்திருக்கிறார். சோபாக் கட்டிலில் ஒருவரும் இல்லை. மூவரும் வெறும் பலகையில் போர்வையை விரித்து வரிசையாகக் கிடந்தார்களாம். கதை பறைந்து எப்போது ஓய்ந்தார்கள் என்பது எவருக்கும் தெரியாது. அதன்பின் நடந்ததைப் பின்னர் கேட்டறிந்தோம்: பெரியண்ணை எழுந்து, சிறிய அடுப்பில் பால் காய்ச்சிப் பொங்கவிட்டு, பொங்கியதைத் தாமே துணியால் ஒற்றி எடுத்தார். ரஞ்சி அக்கா இரண்டு வாளிகளையும் எடுத்துக்கொண்டுபோய் வாகனத் தரிப்பறையில் வைத்துப் பூட்டினார். அண்ணை தேசிக்காய்களைச் சில்லுகளுக்கு முன்னால் வைத்துவிட்டு ஸ்டியரிங்கில் காத்திருந்தார். வதனி இன்னும் நித்திரை; அவரை எழுப்ப ஒருவருக்கும் மனம் வரவில்லை; அதனால் பயணம் பத்து மணிக்குத் தள்ளிப்போடப்பட்டது.

நாங்கள் விட்பியில் ஒரு வீட்டுக்குக் கம்பளம் பதிக்கப் போனோம். அவர்கள் ஏரிக்கரையிலிருந்து திரும்பியதற்கு அடுத்த வாரம், வைனில் ஒட்ட எந்த நாள் வசதி என்று ரஞ்சி அக்காவைக் கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்:

"அது அப்பிடியே கிடக்கட்டும், தங்கச்சி. அந்தப் பலகையில படுத்தா முதுகு, நாரி ஒண்டும் நோகேல்லை எண்டு அண்ணை ஒஸ்லோவிலயிருந்தும் சொல்லுறார். எங்கட வீட்டுக்கு வாற எல்லாருக்கும் உங்கட வேலையைத்தான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுறன்."

ஆக, எத்தனையோ வீடுகளில் மூலை பிசகாமல், மூட்டுத் தெரியாமல் பதித்து முடித்த எங்களுக்கு மிகுந்த பாராட்டைத் தேடித் தந்த நிலம், நாங்கள் பதிக்காமல் விட்டுவந்த அந்த ஒன்றுதான்.