அப்பாவின் முன்பற்கள்

என் அப்பா வாரத்தில் ஆறு நாள் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் தைப்பார். முகூர்த்த நாள் வந்தால் லீவு போட்டுவிட்டு பேண்டு செட்டில் ட்ரம்பெட் ஊதப் போய்விடுவார். என்ன வேலை செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வார். நான் இரண்டாம் வகுப்பு படித்தபோது, மழையில் கணியம்பாடிப் பக்கம் வண்டி சறுக்கி விழுந்து, அவருடைய மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் போய்விட்டன.

கழற்றி மாட்டும் பல் செட் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டார். சோறு தின்ன அது போதுமாயிருந்தது, ஊதப் போதவில்லை. காவேரிப்பாக்கத்தில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலத்தில் மூச்சைக் கூட்டி உச்சத்துக்கு ஏறியபோது, செட் நழுவி மாப்பிள்ளையின் காலடியில் விழுந்தது. ஊர்வலமே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். கூடப் போயிருந்த நான்தான் அதைப் பொறுக்கித் தெருக்குழாயில் கழுவிக் கொடுத்தேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வீட்டுக்கு வந்ததும் ட்ரம்பெட்டைப் பழைய போர்வையில் சுற்றி பீரோ மேல் போட்டுவிட்டார். பேண்டுக்காரர்கள் கூப்பிட வந்தால் காய்ச்சல் என்று சொல்லச் சொன்னார்.

அப்படிக் காய்ச்சல் அடிக்கடி வர ஆரம்பித்த பிறகு, அம்மா அவரை வேலூரில் ஒரு பல் டாக்டரிடம் இழுத்துப் போனாள். தாடை எலும்பில் திருகு வைத்து, எலும்பு அதை இறுகப் பிடித்துக்கொண்ட பிறகு மேலே பல் கட்டலாம் என்றார் டாக்டரம்மா. "ஆனா பீடிய விட்டாத்தான். புகை புடிச்சா எலும்பு சேராது."

அப்பா தலையாட்டினார். அம்மா நம்பவில்லை. சாயங்காலம் அவர் சட்டையை மோந்து பார்க்கும் வேலையை எனக்குக் கொடுத்தாள்.

"இன்னாடி, வருதா?"

"தோல் நாத்தம்தாம்மா வருது."

ஒருநாள் பீடி வாடையே வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அப்பாவே பையில் மிச்சமிருந்த பீடிக்கட்டை எடுத்து அம்மா கையில் கொடுத்துவிட்டார். அப்புறம் அந்தச் சட்டைப்பையில் கிராம்புதான் இருந்தது. காலையும் இரவும் நானும் அவரும் குழாயடியில் சேர்ந்து நின்று பல் தேய்த்தோம். நான் முடித்து ஓடிய பிறகும் அவர் தேய்த்துக்கொண்டிருப்பார்.

பல மாதம் கழித்துப் புதுப்பற்கள் வந்தன. இனி ஊதலாம் என்று டாக்டரம்மா சொன்ன அன்று சாயங்காலம், அப்பா கூடத்தில் உட்கார்ந்து ட்ரம்பெட்டை வாயில் வைத்தார். கன்றுக்குட்டி கத்துவது போல் ஒரு சத்தம் வந்தது. மறுபடி ஊதினார். பாட்டு கொஞ்ச தூரம் போய் உடைந்தது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"இன்னொரு தரம் ஊதுங்க."

ஊதினார். அதே இடத்தில் உடைந்தது.

"இன்னொரு தரம்."

நான் காதைப் பொத்திக்கொண்டேன். "அப்பா நல்லாவே ஊதல. நீ எதுக்கும்மா திரும்பத் திரும்பக் கேக்குற?"

அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். நன்றாக இருந்தால்தான் ஒரு பாட்டைத் திரும்பக் கேட்பார்கள் என்று நான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.