கால்கள் மேலே போன கொக்கு

எங்கள் வீட்டுக் கூடத்தில் தறி. கூடத்தை ஒட்டிய சின்ன அறையில் என் மேசை. நடுவே ஒரு சுவர்தான். நான் சி மொழியில் புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கம் என் கணவர் தறியை மிதிக்கும் சத்தம் சுவர் வழியாக வந்து என் முதுகில் தட்டும். விடிந்தும் விடியாத நேரத்தில் அரிசி ஆலைகளிலிருந்து அவித்த நெல்லின் வாசனை வந்து ஆரணி முழுக்க நிற்கும். உமிச்சாம்பல் மெல்ல மெல்ல மாடியில் இறங்கும். அந்த நேரத்தில் எனக்கு எது தூக்கம், எது வேலை என்று அவ்வளவாகத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் நான் மெனக்கெட்டதில்லை.

போன வருடம் என் நாத்தனாருக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவள் டீச்சர். காலையில் பஸ் பிடித்துத் தேசூர்ப் பக்கம் போய்ப் பாடம் நடத்திவிட்டுச் சாயங்காலம் திரும்புவாள். சர்ச் கல்யாணம் என்பதால் புடவை சந்தன நிறம், அதில் யாருக்கும் பேச்சில்லை. அண்ணன் கையால் நெய்த புடவை என்பதிலும் பேச்சில்லை. கரையில் என்ன போடலாம் என்று கேட்டபோதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"கொக்கு."

"கல்யாணப் பொடவையில கொக்கா?" என்றார் என் கணவர். "மயிலு, அன்னம், மாங்கா, இன்னா வேணா கேளு. கொக்குன்னா ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்ணா. தெனமும் பஸ்ல போய்கினு வந்துகினு நான் பாக்கிறது அததான். மயில நான் எங்க கண்டேன்?"

மறுநாளே கட்டம் போட்ட தாளில் வரைந்து கொண்டுவந்துவிட்டாள். வயலில் தண்ணீருக்குள் நிற்கும் கொக்கு. நீளக் கழுத்து, கழுத்தைவிட நீளமாக இரண்டு கால்கள். ஆறாம் வகுப்பு வரைபடம் போலத்தான் இருந்தது. ஆனால் அதைப் பார்த்தால் பஸ் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. எனக்கு அந்தக் கொக்கை ரொம்பப் பிடித்துப்போனது.

அந்தச் சந்தன நிறத்தில் சாயம் போட்ட பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல், ஒரே ஒரு புடவைக்குத்தான் இருந்தது. நெய்யும்போது கெட்டால், மறுபடி பட்டு வாங்கிச் சாயம் போட்டுப் பாவு ஓட்ட நாள் இல்லை. அவள் கடையில் எடுத்த புடவையோடுதான் சர்ச்சில் நிற்க வேண்டியிருக்கும். "கஷ்டம்னா சொல்லுங்க அண்ணி, கடையில எடுத்துக்கலாம்" என்று அவளும் சொன்னாள். சொல்லிவிட்டு அந்தத் தாளை மடித்துத் தன் பைபிளுக்குள் வைத்துக்கொண்டாள். அதற்கு மேல் அவள் என்ன சொல்ல வேண்டும்?

என் கணவர் பழையபடி அட்டை வெட்டி நெய்துவிடலாம் என்றார். அட்டையில் ஓட்டை போட்டுத் தறிமேல் உள்ள பெட்டியில் மாட்டினால் எந்த நூல் ஏற வேண்டும், எந்த நூல் இறங்க வேண்டும் என்று அது சொல்லும். நான்தான் கேட்கவில்லை. நான் வீட்டிலிருந்தபடி வேலை பார்க்கும் கம்பெனி, அட்டையே இல்லாமல் கம்ப்யூட்டரால் நூலைத் தூக்கும் பெட்டி செய்கிறது. எங்கள் தறியிலும் ஒன்று மாட்டியிருந்தது, வீட்டில் அதற்குக் கரண்ட் பெட்டி என்று பெயர். படத்தை வரையும் புரோகிராம் என் லேப்டாப்பில் விண்டோஸில் ஓடும். அது எழுதும் கோப்பை பென் டிரைவில் கொண்டுபோய்ப் பெட்டியில் செருகினால், உள்ளே இருக்கும் சின்ன லினக்ஸ் போர்டு அதைப் படித்து நூலைத் தூக்கும். எவரோ எப்போதோ எழுதிய அந்தப் பழைய புரோகிராமை லினக்ஸுக்குக் கொண்டுவருவதுதான் அப்போது என் வேலை. "கொக்கு என் பெட்டியில நடக்கட்டுமே" என்றேன். அவர் தறியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் கணவர் வீட்டில் ஒரு வழக்கம். கல்யாணப் பாவு தறியில் இருக்கும்போது, தறிக்கு முன்னால் யாரும் 'கெட்டுப்போச்சு' என்று சொல்லக்கூடாது. ஏதாவது தப்பாகிவிட்டால் தறிமேல் ஒரு துணியைப் போர்த்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம்தான். பாஸ்டருக்கு இந்த விஷயம் இன்னும் தெரியாது. நான் வந்த புதிதில் சிரித்தேன், அப்புறம் பழகிவிட்டது.

நெய்ய ஆரம்பித்த அன்று மதியம் தறிச் சத்தம் நின்றது. கதவைத் திறந்து பார்த்தால், தறிமேல் துணி. செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர் என் முகத்தைப் பார்க்காமல், "டீ குட்ச்சிட்டு வரேன்" என்றார்.

அவர் தெருமுனை திரும்பியதும் துணியை விலக்கினேன். புடவையின் நல்ல பக்கம் கீழே பார்த்துத்தான் தறியில் வளரும். அதனால் கண்ணாடியைத் தறிக்கு அடியில் பிடித்து அதில்தான் பார்க்க வேண்டும். பிடித்தேன். கண்ணாடிக்குள் ஒரு தங்கக் கொக்கு வந்து நின்றது. நின்றது என்று எப்படிச் சொல்வது? கால்களே இல்லை. உடம்பு கரையின் ஓரத்தில் தரையோடு உட்கார்ந்திருந்தது. கால்கள் இரண்டும் தலைக்கு மேலே, தனியாக, ஆகாயத்தில் நடந்துகொண்டிருந்தன.

அழுகை வரவேண்டிய நேரம்தான். ஆனால் உண்மையைச் சொன்னால், அதைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. அவ்வளவு அழகாக இருந்தது பாழாய்ப்போன கொக்கு.

துணியைப் போட்டு மூடிவிட்டு வந்து படுத்தேன். அன்றைக்கு மின்வெட்டு. மின்விசிறி கடைசிச் சுற்றுச் சுற்றி ஓய்ந்தது. கண் சொருகியதும் நான் பஸ்ஸில் இருந்தேன். இரண்டு பக்கமும் வயல். வயல் நிறையக் கொக்குகள், எல்லாம் கால் இல்லாமல் தண்ணீரில் மிதந்தன. வரப்பின்மேல் கால்கள் மட்டும் வரிசையாக நடந்து போயின. எல்லாக் கால்களும் உடம்பிலிருந்து ஒரே அளவு தள்ளியிருந்தன. கண்டக்டர் என்னிடம் வந்து, "எவ்ளோ தூரம்மா?" என்று கேட்டார். நான் டிக்கெட் எடுக்காமல் கொக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரண்ட் வந்து மின்விசிறி சுற்றியதும் எழுந்துவிட்டேன். எவ்வளவு தூரம்? நேராகத் தறிக்குப் போய், கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, கொக்கின் உடம்பு எத்தனை நூல் கீழே இறங்கியிருக்கிறது என்று எண்ணினேன். முப்பத்திரண்டு. இன்னொன்றும் கண்ணில் பட்டது. கால்கள் உடம்புக்கு நேர் மேலே இல்லை, குறுக்கே ஓடும் ஊடு நூலில் ஒரே ஒரு நூல் முன்னதாக நெய்யப்பட்டிருந்தன.

சி மொழியில் எழுதுகிறவர்களுக்கு முப்பத்திரண்டு என்பது வாசலில் வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுகிற எண். ஒரு நூலைத் தூக்க வேண்டுமா வேண்டாமா என்பதற்குக் கோப்பில் ஒரு பிட். எட்டு பிட் ஒரு பைட். முப்பத்திரண்டு நூல் என்றால் நான்கு பைட். எங்கேயோ நான்கு பைட்டை என் பெட்டி கூடுதலாக விழுங்கிவிட்டது.

எங்கே என்று தேட நேரம் ஆகவில்லை. கோப்பின் தொடக்கத்தில் படத்தின் அளவுகள் சில எண்களாக இருக்கும். அதில் கடைசி எண், படத்தை எத்தனை முறை திரும்பத் திரும்ப நெய்ய வேண்டும் என்பது. பழைய புரோகிராமை எழுதிய மகராசன் அந்த எண்ணை 'லாங்' என்ற வகையில் வைத்திருந்தார். லாங் என்றால் நீளம். எவ்வளவு நீளம் என்று சி மொழி கறாராகச் சொல்வதில்லை. குறைந்தது இவ்வளவு இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு, மற்றதை அந்தந்த இடத்துக்கு விட்டுவிடுகிறது. மார்க்கெட்டில் பூ வாங்குகிறோமே, முழம் என்றுதான் கேட்கிறோம். ஆனால் எந்தப் பூக்காரம்மாவிடம் வாங்குகிறோமோ அவர் கைதான் முழம். விண்டோஸில் லாங்குக்கு நான்கு பைட். பெட்டிக்குள் இருந்த அறுபத்து நான்கு பிட் லினக்ஸில் எட்டு பைட். என் லேப்டாப் அதன் கையால் அளந்து கொடுத்தது, பெட்டி தன் கையால் அளந்து வாங்கிக்கொண்டது.

பெட்டி கூடுதலாக எடுத்த நான்கு பைட், படத்தின் முதல் நான்கு பைட். அந்த இடத்தில் கொக்கு இன்னும் தொடங்கவில்லை, வெறும் சுழியம். அதனால் எண்ணும் கெடவில்லை, பெட்டியும் முனகவில்லை. படம் மட்டும் முப்பத்திரண்டு நூல் சறுக்கியது. ஊடு நூல் ஒன்றுக்கு ஒரு வரிசை, கரை ஓரத்திலிருந்து தொடங்கும். ஒவ்வொரு வரிசையிலும் முதலில் வர வேண்டிய கால், முந்தைய வரிசையின் கடைசியில் போய் ஒட்டிக்கொண்டது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கண்டுபிடித்த சந்தோஷமும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் எனக்குப் பசிக்கும். நாலு முறுக்கைத் தின்றுகொண்டே திருத்தினேன்.

திருத்தம் சின்னதுதான். அளவைப் பெயரிலேயே சுமக்கும் வகைகள் சி மொழியில் இருக்கின்றன. இன்ட் முப்பத்திரண்டு என்றால் எந்த ஊரில் கேட்டாலும் முப்பத்திரண்டு பிட்தான். நாம் எழுதுவதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர்களில் அந்தப் பெயர்கள் தெரியாத பழையவற்றுக்காக ஒரு சிறு கோப்பு எழுதினேன். நீ விண்டோஸா, உன்னிடம் இந்த வகைக்கு இந்தப் பெயர். நீ லினக்ஸா, உன்னிடம் இது. வெளியே எல்லாருக்கும் ஒரே பெயர். அளவு பிசகினால் புரோகிராம் உருவாகவே கூடாது என்று ஒரு காவலும் வைத்தேன். பெட்டிக்குள் புதிய புரோகிராமை ஏற்றிவிட்டுத் துணியைப் பழையபடி மூடினேன். அவரிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்ல வேண்டுமென்றால் கெட்டதைச் சொல்ல வேண்டும். தானாகச் சரியானதுபோல் இருக்கட்டும் என்று சர்ச்சில் பாடும் கொயர் பயிற்சிக்குக் கிளம்பிப் போய்விட்டேன்.

மறுநாள் காலை தறிச் சத்தம் கேட்டது. அன்றைக்கு நெல் வாசனைகூடத் தித்திப்பாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, கொக்குகள் ஒவ்வொன்றாகக் கால் ஊன்றி எழுந்து நிற்பதை நினைத்துக்கொண்டிருந்தேன். சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தேன். துணி. செருப்பு. டீ.

கண்ணாடியில் இப்போது வேறு கொக்கு. கால்களும் உடம்பும் மேலே ஏறியிருந்தன. தலை மட்டும் கால்களுக்குக் கீழே, கரை ஓரத்தில், தண்ணீருக்குள் எதையோ தேடுவதுபோல் கிடந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் வகைகளின் அளவை எல்லாம் மறுபடி அச்சிட்டுப் பார்த்தேன். நான்கு பைட், நான்கு பைட் என்று இரண்டு பக்கமும் ஒரே குரலில் சொன்னது. என் கணக்கில் தப்பில்லை. தப்பில்லாத கணக்குக்கு எதிரே தலை வேறு கால் வேறாக ஒரு கொக்கு கிடந்தது. அவள் கடைப்புடவையில் நிற்கிற காட்சி கண்முன் வந்து, எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் டீ குடித்துத் திரும்பி வந்தார். தறிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். இரண்டு பேரும் துணியைப் பார்த்தபடி இருந்தோம். ஒருவருக்கொருவர் சாப்பாடு ஆச்சா என்று கேட்டுக்கொண்டோம். அந்த நேரம் பள்ளிக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு நாத்தனார் வந்தாள். கொக்கைப் பார்க்கும் ஆசை. பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. துணியைத் தூக்கினாள், கண்ணாடியைப் பிடித்தாள். அப்புறம் தறிக்கு முன்னாலேயே, வீடு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"அண்ணா, கெட்டுப்போச்சு."

அவர் காதைப் பொத்தாத குறை. "ஏய், தறிகிட்ட இன்னா பேச்சு பேசற?"

"பின்ன இன்னாண்ணா? காலு மேல கீது, இன்னோரு கொக்குக்குத் தலை கீழ கீது. கட்டிக்கப் போறது நான். நானே சொல்லலன்னா வேற யாரு சொல்லுவா?" என்றாள்.

அந்த ஒரு வார்த்தை வெளியே வந்ததும், அடைத்திருந்தது எங்கள் இருவருக்கும் திறந்துகொண்டது. "நான் நேத்தே சரிபண்ணிட்டேங்க" என்று நானும், "நான் நேத்தே மாத்தி வச்சிட்டேனே" என்று அவரும் ஒரே மூச்சில் சொன்னோம்.

"நீங்க எத மாத்துனீங்க?"

"பெட்டியில பிளக்குங்கள. பிளக்குக்கு முப்பத்திரண்டு கம்பி. மாட்டிட்டுப் போனவன் ஒண்ணு தள்ளி மாட்டிட்டான்னு நெனச்சேன். நீ கொயருக்குப் போனப்ப எல்லாத்தையும் ஒண்ணு ஒண்ணு மேல ஏத்திச் சொருவினேன். நீ இன்னா மாத்துன?"

நான் லாங், லினக்ஸ், பூக்காரம்மா என்று என்னென்னவோ சொன்னேன். பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. நான் கொக்கை முப்பத்திரண்டு நூல் மேலே தூக்கியிருந்தேன், அவரும் முப்பத்திரண்டு நூல் மேலே தூக்கியிருந்தார். கொக்கு எங்கே நிற்கும், பாவம்? அவர் முதலில் சிரித்தார். அப்புறம் நான். நாத்தனார் மட்டும் சிரிக்காமல், "ரெண்டு பேரும் பேஜார் பண்ணாம, ஜல்தியா ஒருத்தர் மட்டும் கைய வைங்க" என்றாள். அவர் பிளக்குகளைப் பழைய இடத்தில் மாட்டினார். நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தேன். அன்று மாலை கண்ணாடிக்குள் ஒரு கொக்கு வந்து, தன் காலில் தானே நின்றது.

கெட்ட கொக்குகளை வெட்டி எடுக்க முடியாது, புடவை குட்டையாகிவிடும். நல்லவேளையாக அவை இருந்தது இடுப்பில் முதலில் சொருகும் உள்தலைப்பில். கல்யாணத்தன்று காலையில் நான்தான் அவளுக்குப் புடவை கட்டிவிட்டேன். ஜன்னல் வழியாக வெயில் வந்து சந்தனப் பட்டில் விழுந்து, அறையே தண்ணீர்போல அசைந்தது. தப்பான தலைப்பு யார் கண்ணிலும் படக்கூடாது என்று அவசரமாகச் சொருகப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருங்க அண்ணி, ஒரு வாட்டி பாத்துக்கிறேன்."

முதல் கொக்கை விரலால் தடவினாள். "இது சும்மா கெட்டது." இரண்டாவதைத் தடவினாள். "இது நீங்க ரெண்டு பேரும் எனக்காகச் சரிபண்ணதுல கெட்டது. இத நல்லா உள்ள வச்சுச் சொருவுங்க, என் வயித்தாண்ட இருக்கட்டும்."

குனிந்து சொருகிக்கொண்டே கண்ணைத் துடைத்தேன். நான் மூக்கை உறிஞ்சுவது வெளியே கேட்டிருக்க வேண்டும். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் தொண்டையைச் செருமினார். அப்புறம், பிறந்ததிலிருந்து சொல்லாத வார்த்தையைச் சத்தமாகவே கேட்டார்.

"இன்னா, ஏதாச்சும் கெட்டுப்போச்சா?"

"ஆமாண்ணா, கெட்டுப்போச்சு," என்று கண்ணீரோடு சிரித்தாள் அவள். "உள்ள வந்து பாரு, எவ்ளோ நல்லா கீதுன்னு."