மணல்திட்டில் இரண்டு பேர்

ஆற்றின் நடுவே நிற்கும் அளவுப் பலகையைப் பார்த்து, நீர்மட்டத்தை அலுவலகத்துக்குச் சொல்வது அவள் வேலை. பதினோரு வருடமாக எல்லோருக்கும் அவள் 'அளவக்கா'தான். முப்பது வயதுக்கு மேல் துடுப்புப் பிடிக்கப் பழகியவள். இப்போது கண்ணை மூடிக்கொண்டு படகு விடுவாள். அந்தப் பகுதியில் ஆறு ஆடாமல் அசையாமல் கிடக்கும்.

அன்று காலை பலகையைப் பார்த்தவள், கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். நேற்றைவிட ஒரு சாண் கூடியிருந்தது. மழையே இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் இரண்டு விரற்கடை ஏறியது.

மேலே அணையில் மதகு திறந்து மூடும் வேலை பார்க்கும் கொழுந்தனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணி, ஆத்துலயா இருக்கீங்க? மதகு மாட்டிக்கிச்சு, மூட முடியல! கால் மணி நேரத்துல வெள்ளம் அங்க வந்துடும். கரைக்குப் போங்க!"

"வாத்து மேய்க்கறவரும் அவர் சம்சாரமும் வளைவுல மணல்திட்டுல இருக்காங்கப்பா."

"அண்ணி, வேணாம்..."

போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். கரை கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. ஒரு கணம் அதையே பார்த்தாள். பிறகு படகை வளைவுப் பக்கம் திருப்பினாள். துடுப்புப் போடவே வேண்டியிருக்கவில்லை, தண்ணீரே இழுத்துக்கொண்டு போனது. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

மணல்திட்டு பாதி முழுகியிருந்தது. முந்தாநாள் முழங்கால் தண்ணீரில் நடந்து அங்கே போனவர்கள், இப்போது திரும்ப வழியில்லாமல் வாத்துகளைக் கூடையில் அடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு பேரும் ஏறுங்க, சீக்கிரம்!"

"முந்நூறு உருப்படிம்மா! விட்டுட்டு எப்படி வர்றது?"

"வாத்துக்கு நீந்தத் தெரியும். உங்களுக்குத் தெரியுமா?"

வாத்துக்காரர் கையிலிருந்த கூடையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"கேக்கறாங்கல்ல, பதில் சொல்லுங்க!" என்ற அவர் மனைவி, கூடைகளைக் கவிழ்த்துவிட்டுப் படகில் ஏறி, கணவரின் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

பாதி ஆறு தாண்டுவதற்குள் தண்ணீர் செம்மண் நிறமாகிவிட்டது. வேரோடு பிடுங்கிய மரமொன்று நேராக அவர்களை நோக்கி வந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு துடுப்பை வலித்தாள். வாத்துக்காரர் தம் மேய்ச்சல் கழியால் மரத்தை உந்தித் தள்ளினார், கழி முறிந்தது. மரம் படகின் வாலை உரசிக்கொண்டு போனது. கரையோரப் புதரை அவர் மனைவிதான் எட்டிப் பிடித்தாள். படகைப் புதரில் கட்டிவிட்டு, மூவரும் சேற்றில் தவழ்ந்து மேலேறித் திரும்பிப் பார்த்தபோது திட்டு இருந்த இடமே தெரியவில்லை.

மாலையில், கீழே ஒரு செங்கல் சூளைப் பக்கம் வாத்துகள் கூட்டமாகக் கரையேறியிருந்தன. பதினேழு குறைந்தது. வாத்துக்காரர் இருட்டும்வரை கரையோரமாகவே நடந்துகொண்டிருந்தார்.

அலுவலகத்திலிருந்து போன் வந்தது. "காலையில அளவு ஏன் சொல்லல?"

"பலகையே முழுகிடுச்சு சார்," என்றாள்.

வெள்ளம் வடிந்தும் படகில் ஏற அவளுக்கு மனம் வரவில்லை. நான்காம் நாள்தான் அளவு பார்க்கப் போனாள்.