ஜீப்காரர் போனுக்குப் போன காலேஜ் சீட்டு

1. ஆதார் காப்பி

"அக்கா, ஆதார் ரெண்டு காப்பி போட்டுக் குடுங்க. திருப்பூருக்கு வேலைக்குப் போறேன்."

கோகிலா இப்படிச் சொன்னபோது மதியம் இரண்டேகால் இருக்கும். ஏற்காடு பஸ் ஸ்டாண்டு பக்கம் பல வருஷம் பிரவுசிங் சென்டர் நடத்தியவள் நான். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், கரண்ட் போனால் கத்தித் தீர்க்கும் ஒரு யு.பி.எஸ். அவ்வளவுதான் என் கம்பெனி. பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் மலைக்கிராமத்துப் பிள்ளைகள் எல்லாரும் காலேஜ் அப்ளிகேஷன் போட என்னிடம்தான் வருவார்கள். இப்போது கடையை என் தங்கை மகள் பார்க்கிறாள். அவளுக்காகவும், அவளைப் போல இந்த வேலைக்கு வந்திருக்கும் மற்றப் பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன். என் பெருமையைச் சொல்ல இல்லை. நான் செய்த ஒரு முட்டாள்தனத்தைச் சொல்ல.

கோகிலா செம்மநத்தத்துப் பெண். அப்பா பெயர் சின்னப்பையன். அவருக்குக் கொஞ்சம் ராகிக் காடு, ஓரத்தில் காப்பிச்செடி, நாலு ஆரஞ்சு மரம். இரண்டு மாதத்துக்கு முன்னால் அப்பாவும் மகளும் வந்து வேளாண்மைப் பட்டப்படிப்புக்கு அப்ளிகேஷன் போட்டுவிட்டுப் போனார்கள். நல்ல மார்க். "காடு வெச்சிருக்கோமுங்க, அதயே படிச்சுட்டு வந்தா நல்லாருக்குமுங்க" என்று அன்று அவள் சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

"திருப்பூரா? அக்ரி என்ன ஆச்சு?" என்றேன்.

"மெசேஜ் எதுவும் வரலீங்கக்கா. கெடைக்கலயாட்ட இருக்குது. உட்டுட்டோம்."

எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த மார்க்குக்குக் கிடைக்காமல் எப்படிப் போகும்? அப்ளிகேஷன் நம்பரையும் பிறந்த தேதியையும் போட்டு ஸ்டேட்டஸ் பார்த்தேன். திரையில் பச்சை எழுத்து. சீட் அலாட் ஆகியிருந்தது. அதுவும் அவள் முதலாவதாகக் கேட்ட காலேஜே. எழுந்து நின்று கத்திவிட்டேன்.

அதற்குக் கீழே இருந்த வரியை அப்புறம்தான் படித்தேன். இன்று மாலை ஐந்து மணிக்குள் 'அக்செப்ட்' கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் சீட் அடுத்தவருக்குப் போய்விடும். அக்செப்ட் கொடுக்க ஓடிபி வேண்டும். பதிவு செய்த மொபைலுக்குத்தான் அது வரும். அந்த நம்பரின் கடைசி நான்கு எண்களைத் திரையில் காட்டியிருந்தார்கள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அது ஜீப் மாதேசண்ணன் நம்பர்.

2. ஊருக்கே ஒரு நம்பர்

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது, சொல்லிவிடுகிறேன். அப்போது செம்மநத்தத்தில் வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. அங்கிருந்து ஏற்காட்டுக்கு ஷேர் ஜீப் ஓட்டும் மாதேசண்ணன் மட்டும்தான் நாள் முழுக்கச் சிக்னல் உள்ள இடங்களில் போய்வருவார். அதனால் கேஸ் புக்கிங், பேங்க், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றுக்கும் ஊர்க்காரர்கள் அவர் நம்பரையே கொடுப்பார்கள். மெசேஜ் வந்தால் ஜீப்பை நிறுத்தி, "ஏனுங்க, கேஸ் வந்துருக்குதாமா!" என்று வாசலில் குரல் கொடுத்துவிட்டுப் போவார். அந்த நம்பர் எனக்கே மனப்பாடம். செம்மநத்தம் என்று யார் வந்தாலும் தானாக என் விரல் அதை அடித்துவிடும்.

அன்று போன் போட்டால், தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது. ஸ்டாண்டில் விசாரித்தேன். இரண்டு மணி டிரிப்புக்குப் போயிருக்கிறார், நாலு மணிக்குத்தான் ஊரிலிருந்து கிளம்புவார் என்றார்கள். கோகிலா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு துப்பட்டா நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். நான் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போன் போட்டேன். நடுவில் கரண்ட் வேறு போய், யு.பி.எஸ். கத்த ஆரம்பித்தது. "நீ வேற ஏண்டி உயிர வாங்கற" என்று அதையும் திட்டினேன்.

நாலு இருபத்தைந்துக்கு ரிங் போனது. ஜீப் மேட்டு வளைவுக்கு வந்துவிட்டது, அங்கேதான் சிக்னல் ஆரம்பிக்கும்.

"மாதேசண்ணா, வண்டிய ஓரங்கட்டி நிறுத்துங்க. நகரவே கூடாது. இப்ப ஒரு ஓடிபி வரும், அதச் சொல்லுங்க" என்றேன்.

"வந்துருச்சுங்க்கா."

"சொல்லுங்க."

"சொல்ல மாட்டனுங்க."

எனக்குக் காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று சந்தேகம். "என்னது?"

"ஓடிபிய போன்ல யாருக்கும் சொல்லப்படாதுங்க. போன வருசம் இப்பிடித்தான் ஒரு பொம்பள பேங்குலருந்து பேசறேன்னு நொம்ப மருவாதியாப் பேசுனா. நம்பி நம்பரச் சொன்னேன். எங்கூர்க்காரர் ஒருத்தரு பணம் பூராப் போச்சு. அன்னைக்கே முடிவு பண்ணிட்டனுங்க. ஆள நேர்ல பாத்தாத்தான் சொல்லுவேன். முக்கா மணி நேரத்துல அங்க வந்தர்றேன்."

"பத்து நிமிஷத்துல ஓடிபி செத்துப்போயிடும், அஞ்சு மணிக்குச் சீட்டே போயிடும்ணா! நான்தான் பேசறேன், பஸ் ஸ்டாண்டு பிரவுசிங் சென்டர் அக்கா! இத்தன வருஷம் என் குரல் தெரியாதா உங்களுக்கு?"

"அவளும் அக்கா மாதிரித்தானுங்க பேசுனா."

கோபத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவரை மூர்க்கன், முரடன் என்று என்னவெல்லாமோ திட்டினேன். திட்டி முடிப்பதற்குள் முதல் ஓடிபி காலாவதி ஆனது. 'ரீ-சென்ட்' கொடுத்து மறுபடி ஓடிபி கேட்டேன். மூன்று தடவைக்கு மேல் அனுப்ப மாட்டோம், அப்புறம் நாளைக்குத்தான் என்று எழுதியிருந்தது. போனைக் கோகிலாவிடம் கொடுத்துவிட்டேன்.

"மாமா, நாந்தானுங்க, கோகிலா" என்றாள். அழுததில் தொண்டை கட்டிப்போய்க் குரல் யாருடையதோ போல இருந்தது.

"குரலே அது மாதிரி இல்லியே. நீ கோகிலாவா இருந்தா, கடைசியா உங்க ஊட்டுக்கு ஜீப்புல என்னத்தக் கொண்டாந்து எறக்குனேன், சொல்லு பாக்கலாம்."

"கூரைக்குத் தகரமுங்க மாமா. ஏழு. ஒண்ணு வளவுல கட்டு அவுந்து கீழ உழுந்து நசுங்கிப்போச்சு. அப்பாகிட்டச் சொல்லாத கண்ணுன்னு என்கிட்டச் சொன்னீங்க."

ஜீப்பில் இருந்தவர்கள் சிரிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. "செரி செரி, அதய ஏம் புள்ள ஸ்பீக்கர்ல சொல்ற? எழுதிக்க" என்று ஆறு எண்களையும் ஒவ்வொன்றாக, இரண்டு தடவை சொன்னார். அக்செப்ட் விழுந்தபோது மணி நாலு நாற்பத்திரண்டு. கோகிலா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

அலாட்மென்ட் மெசேஜ் வந்ததை ஏன் சொல்லவில்லை என்று மாதேசண்ணனைப் பிறகு கேட்டேன். இரண்டு நாள் முன்னாலேயே வந்திருக்கிறது. "இங்கிலீஸ்ல நீட்டா வந்துச்சுங்க, வெளம்பரமுன்னு உட்டுட்டேன்" என்றார். அதற்கு மேல் அவரைத் திட்ட எனக்குத் தெம்பு இருக்கவில்லை.

3. சின்னப்பையன் சொன்னது

மறுநாள் காலை அப்பாவும் மகளும் ஒரு பை ஆரஞ்சோடு வந்தார்கள். மாதேசண்ணனும் கூடவே வந்து கதவோரம் நின்றார். எனக்கு முந்தின நாள் படபடப்பு இன்னும் அடங்கவில்லை. சின்னப்பையனைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டேன்.

"ஏங்க, பொண்ணு படிப்பு விஷயம். உங்களுக்குன்னு ஒரு போன் வாங்கி வச்சுக்கக் கூடாதா? அடுத்தவர் போன நம்பியா இருப்பாங்க?"

அவர் சட்டைப்பைக்குள் கை விட்டு, பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஒரு பட்டன் போனை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இருக்குதுங்களேம்மா" என்றார். "அப்ளிகேசன் போட்ட அன்னைக்கே இந்த நம்பரத்தானுங்க சொல்ல ஆரம்பிச்சேன். நீங்க, 'செம்மநத்தம்தானே, எனக்கே தெரியும்'னு அடிச்சுட்டீங்க. செரி, ரெண்டு நம்பரும் போட்டுருப்பீங்களாட்ட இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டனுங்க."

எனக்குச் சுருக்கென்றது. அப்படிச் சொல்லியிருப்பேன். நிச்சயம் சொல்லியிருப்பேன். சீசன் நேரத்தில் தினமும் நான் அப்படித்தான் பேசுவேன்.

"டெய்லி காத்தால ஒருக்கா, பொழுது சாயறப்ப ஒருக்கா மேட்டு வளவுக்கு நடந்து வந்துருவனுங்க. எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. டிங்குன்னு சத்தம் வந்தா ஊட்டுக்கு எடுத்துட்டுப் போயி பாப்பாகிட்டக் காட்டலாமுன்னு, அரமணி நேரம் கையிலயே புடிச்சுக்கிட்டு நிப்பனுங்க."

"ரெண்டு மாசமாவா?"

"ஆமாங்க. மழையில நனஞ்சரக் கூடாதுன்னுதானுங்க இந்தக் கவரு."

மாதேசண்ணன் மெதுவாகச் சொன்னார்: "நான் டெய்லி பாப்பனுங்க்கா. யாருக்கோ பேசறதுக்கு நிக்கறாருன்னு நெனச்சேன். ஹாரன் அடிச்சுட்டுப் போயிருவேன்."

மன்னிப்புக் கேட்டேன். எனக்கு அது சுலபமாக வருகிற சங்கதி இல்லை. அவரோ, "அதுனால என்னங்கம்மா, கெடச்சுருச்சில்லீங்க" என்று என்னையே தேற்றினார். அவர் திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

உடனே லாகின் செய்து மொபைல் நம்பரை மாற்றினேன். அதற்கும் பழைய நம்பருக்குத்தான் ஓடிபி. மாதேசண்ணன் கோகிலாவின் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னார். அப்புறம் சின்னப்பையனிடம், "உங்க நம்பரச் சொல்லுங்க" என்றேன். அவர் நிதானமாக, யோசித்து யோசித்துச் சொன்னார். முதல் ஐந்து எண்ணைச் சொல்லிவிட்டு நான் எங்கே குறுக்கே பேசிவிடுவேனோ என்பது போல என் முகத்தைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

'சேவ்' கொடுத்தேன். மேஜைமேல் கவருக்குள் இருந்த போன், டிங் என்றது.

அவர் அதை என்னிடம் காட்டவில்லை. கவரைப் பிரித்து, இரண்டு கையாலும் மகளிடம் நீட்டி, "படி சாமி" என்றார். நம்பர் மாற்றப்பட்டது என்று காலேஜ்காரர்கள் எல்லாருக்கும் அனுப்புகிற மெசேஜ்தான் அது. அவள் தமிழில் சொல்லிக் காட்டினாள். "மறுக்காப் படி" என்றார். மறுபடியும் சொன்னாள்.

இந்த வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, வேகமாக டைப் அடிப்பது பெரிய காரியம் இல்லை. நம்பர் என்ன என்று கேட்டதும் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். எதிரில் இருப்பவர் சொல்லி முடிக்கட்டும்.