ஷிரினை ஜெயித்த தைலம்மாள்

என் தங்கை ஷிரினுக்கு எதிலும் சந்தேகம். பிறந்தநாள் வாழ்த்து வந்தால்கூட அனுப்பியது ஆளா, மெஷினா என்று ஆராய்வாள். கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் படிப்பு, கடைசி வருடம். புராஜெக்ட்டும் அவள் குணத்துக்கு ஏற்றதாக அமைந்தது. விளையாட்டு ஆப்களிலும் சமூக ஊடகத்திலும் மனிதரைப் போல நடிக்கும் மென்பொருள்களை, அதாவது 'பாட்'களைக் கண்டுபிடிப்பது. "ஒண்ணயாவது ஆதாரத்தோட காட்டணும்மா. இல்லன்னா ரிவ்யூவுல நிக்காது" என்று சொல்லிவிட்டார் அவளுடைய ஆசிரியர் சிவசங்கர்.

ஆடுபுலி ஆட்டத்துக்கான ஆப் ஒன்றில் அவளுக்கு ஒன்று சிக்கியது. பெயர் 'தைலம்மாள்'. ஷிரின் புலி, அது ஆடு. விடிந்ததிலிருந்து இருட்டும்வரை ஓயாமல் ஆடியது. ஒரு காயை நொடியில் நகர்த்தும், அடுத்ததற்கு அரை மணி எடுக்கும். ஒரு நேரம் கெட்டிக்காரத்தனம், ஒரு நேரம் அசட்டுத்தனம். ஷிரின் எழுதிய புரோகிராம் அடித்துச் சொன்னது, இது பாட் என்று.

"சோறு துன்னக்கூட எழுந்திரிக்கலண்ணா. இது ஆளே இல்ல" என்று குதித்தாள். அதனிடம் விடாமல் தோற்றுக்கொண்டிருந்தது அந்தச் சந்தோஷத்தில் அவளுக்கு உறைக்கவில்லை.

ரிவ்யூ நெருங்கும்போது, உடன் படிக்கும் நர்மதா அந்தத் திரையைப் பார்த்துச் சிரித்தாள். கல்வராயன் மலைக்காரப் பெண். "ஏய், இது எங்க ஊரு போனுடி. வந்து பாரு."

ஷிரினின் முகம் சுருங்கிப்போனது. கண்ணால் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றாள். துணைக்கு என்னைப் போகச் சொன்னார் அம்மா. எங்கள் பாத்திரக் கடையை அத்தாவிடம் விட்டுவிட்டு, வெள்ளிமலை பஸ்ஸில் வளைவுக்கு வளைவு கம்பியைப் பிடித்துக்கொண்டு போனேன்.

ஊருக்கு வெளியே, சாமைக் கொல்லையோரம் ஒரு பலாமரம். அங்கேதான் சிக்னல் கிடைக்குமாம். கிளையில் பிளாஸ்டிக் கவர் சுற்றிய போன் ஒன்று தொங்கியது. கொல்லை வேலைக்குப் போய்க்கொண்டிருந்த கண்ணுசாமி என்பவர் நின்றார், ஓர் ஆட்டை நகர்த்தினார், போய்விட்டார். அடுத்து வந்தவர் விறகுக்கட்டை இறக்கி வைத்துவிட்டு வெகுநேரம் யோசித்தார். அந்த வழியில் போகிறவர் ஆளுக்கு ஒரு காய் நகர்த்தலாம், முன்னால் ஆடியவரைக் குறை சொல்லக் கூடாது. அங்கே அதுதான் சட்டம்.

போனுக்குச் சொந்தக்காரர் நர்மதாவின் அத்தை தைலம்மாள். ஷிரினை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்தப் புலி நீதானா கண்ணு? உங்கூட யாரு ஆடுறாங்க?"

"யாருமில்லீங்க. நான் மட்டுந்தான்."

"ஒண்டியாவா ஆடிக்கினு இருந்த? அடப் பாவமே. சொல்லியிருந்தா உம்பக்கம் ரெண்டு பேர அனுப்பியிருப்போமே."

திரும்பும்போது பஸ்ஸிலேயே ஷிரின் தைலம்மாள் பெயருக்கு எதிரே எழுதியிருந்த 'பாட்' என்பதை அழிக்கப் போனாள். எனக்கு மனசு கேட்கவில்லை. "அந்தப் பேரு பாட்னே இருக்கட்டும். மலையேறி வந்து யாரு பாக்கப் போறாங்க?" என்றேன்.

"ஓட்டப் பாத்திரத்த விக்கச் சொல்றியா?" என்று முறைத்தாள்.

ரிவ்யூவில் ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னாள். "அப்ப எதையுமே புடிக்கலியாம்மா?" என்றார் சிவசங்கர்.

"இல்ல சார். ஒரு அக்கவுண்ட்டுன்னா ஒரே ஆளுன்னு நான்தான் புரோகிராமுக்குச் சொல்லிக் குடுத்தேன். அப்படி ஒரு ஆள் இல்லன்னு அது சரியாத்தான் சொல்லிச்சு. அங்க ஒரு ஊரே இருந்திச்சு சார்."

சிவசங்கர் சிரித்துவிட்டு, ஆய்வின் முதல் பக்கத்தில் இதையே எழுதச் சொன்னார். எனக்கு வந்த பெருமையில், அன்றைக்குக் கரண்டி வாங்க வந்தவர்கள்கூட இந்தக் கதையைக் கேட்காமல் போக முடியவில்லை.